அண்ணன் வாயால் ஒரு வார்த்தை

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மனுஷன் முதலில் தரையைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரர் வாங்க என்று சொல்வது, நாற்காலி இழுத்துப் போடுவது எல்லாம் அப்புறம். செருப்பைக் கழற்றிய காலாலேயே ஒரு டைல்ஸின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது யார் ஒட்டினது?" என்று கேட்டுவிடுவார். எவனோ ஒட்டினான், உனக்கென்ன வந்தது? போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. குதிகாலால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "அடியில காத்து நிக்குது. சீக்கிரம் தூக்கிடும்" என்பார். சொன்னபடி தூக்கியும் விடும். அதனால்தான் நம்மை யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்று அவர் பெண்டாட்டியே சொல்லிச் சிரிப்பாள்.

தொழில் டைல்ஸ் ஒட்டுவது. கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுக்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கும் கருவிதான் ரசமட்டம். அது கையில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குமிழி ஒரு நூல் விலகினால் போதும், ஒட்டி முடித்ததைப் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். முழங்கால் இரண்டும் காய்த்துப்போய்க் கல்லாகக் கிடக்கும். வேலையில் அப்படி இருப்பவர் மனுஷரிடமாவது கொஞ்சம் முன்னே பின்னே விட்டுக்கொடுக்க வேண்டாமா? கிடையாது. அங்கேயும் குமிழி நடுவில் நிற்க வேண்டும். பேச்சுக்குப் பேச்சு, கணக்குக்குக் கணக்கு.

அண்ணன் அதற்கு நேர்மாறு. பிளம்பர். வாய் ஓயாது. குழாயைத் திருகிக்கொண்டே நாலு பேரைக் கிண்டல் செய்வார், வீட்டுக்காரியிடம் டீ கேட்டு வாங்கிக் குடிப்பார், வேலையை முடித்துக் கிளம்பும்போது அந்த வீட்டுக் குழந்தைகள் வாசல்வரை வந்து வழியனுப்பும். அண்ணன் குழாய் போட்டு முடித்த இடத்தில் தம்பியின் வேலை ஆரம்பிக்கும். பாத்ரூம் என்றால் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிடுவார்கள். அண்ணன் சிரிக்க வைப்பார், தம்பி ஒழுங்காக முடிப்பார். நல்ல ஜோடிதான். கண் பட்டதோ என்னமோ, ஒரு மாடி பாத்ரூமில் வந்து எல்லாம் நாசமாய்ப் போனது.

வேலையை முடித்துக் கொடுத்து ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. கீழே படுக்கையறையின் கூரையில் ஈரம் படர்ந்தது. வீட்டுக்காரர் இரண்டு பேரையும் வரச் சொன்னார். பக்கத்தில் இன்ஜினியர், இரண்டு மூன்று கொத்தனார்கள், பெயின்டர். அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் கையை உதறிக்கொண்டு சொன்னார்:

"என் குழாயில ஒரு சொட்டு ஒழுகாது சார். வாட்டம் சரியில்ல. தண்ணி ஓடாம மூலையில நிக்குது. தம்பி அவசரத்துல விட்டுட்டான்."

வாட்டம் என்றால் தண்ணீர் தானாக வடிந்து போவதற்காகத் தரையில் வைக்கும் சரிவு. வேறு யாரையாவது இப்படிச் சொல்லியிருந்தால் தலையைச் சொறிந்துவிட்டு, சரி பண்ணித் தரேன் சார் என்று போயிருப்பான். ரசமட்டத்திடம் போய் உன் வாட்டம் சரியில்லை என்று சொல்வது, கணக்கு வாத்தியாரிடம் உனக்கு எண்ணத் தெரியாது என்பது மாதிரி. மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உடைச்சுப் பாத்துடலாம்" என்றார். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு இவருக்குச் சொல்லாமலேயே வேறு ஆட்களை வைத்து எல்லாவற்றையும் பெயர்த்து, குழாயையும் மாற்றினார்கள், தரையையும் மாற்றினார்கள். ஒழுகல் நின்றது. தப்பு யாருடையது என்பது மட்டும் இடிபாட்டோடு சேர்ந்து குப்பை லாரியில் போய்விட்டது.

அன்றோடு பேச்சு நின்றது. ஒன்றிரண்டு மாதமல்ல, வருஷக்கணக்கில். தெருவில் எதிர்ப்பட்டால் தம்பி கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு போவார். அண்ணன் முதலில் இரண்டு தடவை "டேய்" என்று கூப்பிட்டுப் பார்த்தார், அப்புறம் அவரும் விட்டுவிட்டார். "தண்ணியை அடிச்சா தண்ணி விலகுமா? தானா சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, நாக்கில் நரம்பா இருக்கிறது?

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றைக்கு அண்ணிதான் தம்பி வீட்டுப் படியேறினாள். மருந்தால் மட்டும் தீராதாம், ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து எடுத்து ஏற்றினால்தான் உண்டாம், கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்த வாய்ப்பு அதிகமாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் தம்பி சட்டையை மாட்டிவிட்டார். இதையும் சொல்லத்தான் வேண்டும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். சோதனை செய்து பார்த்ததில் நூற்றுக்கு நூறு பொருத்தம். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேருக்கு ரத்தத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை. தினமும் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு, முதுகெலும்பு எல்லாம் பிய்ந்து விழுவது போல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தார். அண்ணன் பிழைத்தார்.

பிழைத்தவர் ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அண்ணியிடம், "தம்பியைச் சாப்பிட வெச்சு அனுப்பினியா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். வெட்கமாக இருந்திருக்கும் என்று நாம் சொல்லலாம். தம்பி அப்படி நினைக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு கல்யாண வீடு. அண்ணனுக்கு முடி முளைத்துவிட்டது, பழைய வாயும் திரும்பிவிட்டது. சுற்றி ஒரு கும்பல். அதில் ஒருத்தன் கேட்டான்: "என்ன, தம்பி ரத்தம் ஏறினதுக்கப்புறம் நீயும் ரசமட்டம் ஆயிட்டியா?"

"ஐயோ சாமி, அது மட்டும் வேணாம்!" என்றார் அண்ணன். "அவன் வாட்டம் எனக்கு வந்துச்சுன்னா உள்ள போற தண்ணி வெளிய வராது!"

பந்தலே சிரித்தது. தம்பி இரண்டு ஆள் தள்ளி, கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. என் ரத்தத்தை உடம்பில் வைத்துக்கொண்டே என்னைச் சிரிக்கிறான். அதுதான் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நியாயமான கோபம்தான். அந்தக் கோபத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியிருக்காது.

அடுத்த வருஷம் ஒரு வழக்கமான சோதனையில் தெரிந்தது. அண்ணன் ரத்தத்தில் தம்பியின் பங்கு குறைகிறது, பழைய நோய் மெல்லத் தலைதூக்குகிறது. அண்ணி மறுபடி படியேறினாள். இருவரும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள். சின்ன அறை, மேஜை, சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டுக் காட்டிய தாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இந்தத் தடவை ஸ்டெம் செல் வேணாம். உங்க ரத்தத்துல நோயை எதிர்த்துச் சண்டை போடற வெள்ளை அணுக்கள் இருக்கு. அதை மட்டும் பிரிச்சு எடுத்து அண்ணனுக்கு ஏத்துவோம். போன தடவை எடுத்ததுல மிச்சம் எதுவும் இல்ல, அதனால நீங்கதான் வரணும். போன தடவை மாதிரி தினமும் ஊசி கிடையாது. அரை நாள் மெஷின் பக்கத்துல படுத்திருந்தா போதும்."

"அது உள்ள போய் என்ன பண்ணும்?"

"உங்க அணுக்களுக்கு அண்ணன் உடம்பு வேத்து வீடு. நோய் அணுவைப் பாத்தா இது நம்ம ஆளில்லன்னு அடிச்சுக் கொல்லும். அதுதான் வைத்தியம். ஆனா அதுங்களுக்கு நல்லது கெட்டது முழுசாத் தெரியாது. சில சமயம் நல்லா இருக்கற தோல், குடல், ஈரலையும் அடிக்க ஆரம்பிச்சிடும்."

"எங்க வீட்டுல இது பல வருஷமா நடந்துட்டுதான் இருக்கு டாக்டரம்மா" என்றார் ரசமட்டம். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அதனாலதான் இப்பவே வாங்கன்னு சொல்றேன். நோய் இப்ப கொஞ்சமாத்தான் இருக்கு. ரொம்பச் சின்ன அளவுல ஆரம்பிப்போம். உடம்பு தாங்குதான்னு பாத்துப் பாத்து மெதுவா ஏத்தலாம். முத்திப்போச்சுன்னா அப்படிப் பாத்துட்டு இருக்க நேரம் இருக்காது. ஒரேயடியா நிறைய கொடுத்தாகணும். அது ஆபத்து." பிறகு, "கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது" என்றார்.

இவ்வளவையும் அவர் காது கொடுத்துக் கேட்டார். கேட்கவில்லை, புரியவில்லை என்று பின்னால் சொல்ல முடியாது.

வெளியே, மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் நின்று அண்ணியிடம் சொன்னார்: "வரமாட்டேன்னு சொல்லல அண்ணி. அண்ணன் எனக்கு போன் பண்ணட்டும். அந்த பாத்ரூம் என் தப்புதான்னு அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் வந்து படுத்துக்கறேன்."

"எந்த பாத்ரூம்?" என்றாள் அண்ணி.

அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. அவளுக்கு வீடு, மருந்து, பள்ளிக்கூடம் போகும் பெண் என்று ஆயிரம் கவலை. பாத்ரூமாம் பாத்ரூம்! அது புரிந்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்தாவது மனுஷன் நிறுத்தியிருக்கலாம்.

"தம்பி, அவர் உயிருக்குப் போராடறார்."

"நான் என் மானத்துக்குப் போராடறேன். எத்தனை வருஷம் ஊரே சிரிச்சுது?"

"இதைப் போய் நான் எப்படி அவர்கிட்ட சொல்லுவேன்?"

"சொன்ன வாய் இருக்குல்ல, அதையே மாத்திச் சொல்லச் சொல்லுங்க. நான் என்ன சொத்தா கேட்டேன்? ஒரே ஒரு வார்த்தை."

கேட்டாரே ஒரு கேள்வி! சொத்தைக் கேட்டிருந்தால்கூட அவள் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பாள்.

அப்போது அவர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரே அச்சில் வார்த்த பாத்ரூம்கள், ஒன்றின்மேல் ஒன்று. போனை பாலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அது அடித்தால் போதும், பசை பூசிய கையைத் துடைக்காமலேயே எடுப்பார். சிமென்ட் கடைக்காரன் பேசுவான். மேஸ்திரி பேசுவார். எவளோ ஒருத்தி கடன் வேண்டுமா சார் என்று கேட்பாள். அண்ணன் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா, "எப்ப வரீங்க?" என்று கேட்டாள். "வேலை இருக்கு, சொல்றேன்" என்றார்.

அண்ணி போன் செய்தாள். "தம்பி, மனசு மாறிச்சா?"

"அண்ணன் பேசட்டும் அண்ணி."

மறுபடி செய்தாள். மறுபடி அதே பதில். பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். பார்த்தீர்களா, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் எவ்வளவு திமிர் என்று இவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவனுக்கு ஊரில் உள்ள முயலெல்லாம் நொண்டியாகத்தான் தெரியும்.

பெண்டாட்டி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஏங்க, முதல்ல போய்க் கொடுத்துட்டு வாங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் சண்டை போடுங்க."

"கொடுத்துட்டா அப்புறம் எதை வெச்சு சண்டை போடறது?"

அவள் அவரையே பார்த்தாள். "சீ" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து அவளும் அளந்துதான் பேசினாள். இத்தனைக்கும் அவருக்கு உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வரும். இன்றைக்குப் போய்விடலாம் என்று கால் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும். உடனே அந்தக் கல்யாணப் பந்தலின் சிரிப்பு காதில் கேட்கும். இன்னும் ஒரு நாள் பார்ப்போம், நாளைக்குப் பேசிவிடுவான் என்று நினைப்பார். நாளை நாளை என்று வாரங்கள் ஓடின.

கடைசியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. மூலையில் வைக்க ஒரு டைல்ஸை அறுத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தினார்.

"டேய்" என்றது போன். அண்ணன் குரலா அது? நூலாக இருந்தது. "எங்கடா இருக்க? சாப்பிட்டியா?"

இவர் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். "சொல்லுண்ணா" என்றார்.

"சும்மா படுத்தே கிடக்கறேனா, என்னென்னமோ ஞாபகம் வருது. அந்த மாடி பாத்ரூம்... ஜாயின்ட்ல பூசின பசை காயறதுக்குள்ள தண்ணியைத் திறந்துட்டேன்டா. வேற வேலைக்கு ஓடணும்னு அவசரம். அன்னைக்கே எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னாடி அசிங்கமாயிடுமேன்னு உன் தலையில கட்டிட்டேன். அப்புறம் அதை விளையாட்டாவே சொல்லிட்டுத் திரிஞ்சேன். என் தப்புடா. உன் வாட்டம் என்னைக்குடா தப்பியிருக்கு?"

ரசமட்டம் அறுத்த டைல்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில் துக்கம் மட்டும் இருந்தது என்று சொன்னால் அது பொய். சந்தோஷம்தான் அதிகம். ஜெயித்துவிட்டார். கேட்டதை வாங்கிவிட்டார். "இதோ வரேண்ணா" என்று சொல்லிவிட்டு, கைகூடக் கழுவாமல் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் கையை முதலில் பார்த்தார், பிறகு முகத்தை. "இப்பத்தான் வேலை முடிஞ்சுதா?" என்றார். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இவருக்குத் தெரியவில்லை. நோய் ரத்தத்தில் நிறைந்துவிட்டது. மருந்து கொடுத்து ஒருவழியாக அடக்கி வைத்திருக்கிறார்கள். சின்ன அளவில் ஆரம்பித்துப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிற பேச்சுக்கே இனி இடமில்லை. ஒரேயடியாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டு கையிலும் ஊசி குத்திப் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மறு கை வழியாகத் திரும்பியது. மூக்கு அரித்தால் சொறிய முடியாது, அதைத் தவிர ஒரு கஷ்டமும் இல்லை. இதற்காகவா இத்தனை வாரம் என்று அவருக்கே தோன்றியது. ஒரு சின்னப் பை நிறைந்தது. அதை அண்ணன் கட்டிலில் மாட்டினார்கள். பீடி குடிக்கிற நேரத்தில் ஏறி முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் அண்ணன். "டைல்ஸ் இடுக்குல சிமென்ட் பால் ஊத்தற அளவுகூட இல்லையேடா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அண்ணனின் உள்ளங்கையில் சிவப்பு படர்ந்தது, பிறகு பாதத்தில், காது மடலில். "அணுக்கள் முழிச்சுக்கிச்சு. வேலை செய்யுது" என்றார் டாக்டரம்மா. தம்பிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அது குடலுக்குள் இறங்கியது. அண்ணனை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போவது என்ற கணக்கே இல்லாமல் போயிற்று. கண் மஞ்சளானது. தோல் கொப்பளித்து உரிந்தது. அடக்குவதற்கு மருந்துமேல் மருந்து கொடுத்தார்கள். சாவு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மாதங்கள் கழித்து, ரத்தத்தில் நோய் சுத்தமாக இல்லை என்று சோதனை சொன்னது. "இப்ப உங்க ரத்தம் நூத்துக்கு நூறு உங்க தம்பிதான்" என்றார் டாக்டரம்மா.

நோய் போய்விட்டது. ஆனால் வந்தது போகவில்லை. அண்ணனின் தோல் நாளாக நாளாக இறுகியது. விரல்கள் வளைந்தபடி நின்றுவிட்டன, ஒரு ஸ்பானரைப் பிடிக்க முடியாது. வாய் ஒரு டீஸ்பூன் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். ஊரையே சிரிக்கவைத்த வாய்! கண்ணில் ஈரம் ஊறுவது நின்றுபோனதால் விடிந்ததிலிருந்து படுக்கிறவரை சொட்டுமருந்து விட வேண்டும். அழ நினைத்தாலும் அவருக்குக் கண்ணீர் வராது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி ஒருநாள் டாக்டரம்மாவை வழிமறித்தார். "முதல்ல கூப்பிட்டப்பவே வந்திருந்தா இப்படி ஆயிருக்காதா?"

டாக்டரம்மா கையில் இருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஆயிருக்கவே ஆயிருக்காதுன்னு என்னால சொல்ல முடியாது. சின்ன அளவுல ஆரம்பிச்சிருந்தா இந்த அளவுக்கு ஆகற வாய்ப்பு ரொம்பக் குறைவு." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குள் போய்விட்டார். பொய் சொல்லியிருக்கலாமே என்று இவருக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது.

அண்ணன் வீடு திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனார். ஜன்னலோரம் மெத்தை போட்ட நாற்காலி, மடியில் துண்டு, பக்கத்தில் ஸ்டூல் நிறைய மருந்துப் புட்டிகள். அன்றைக்கு அந்த மாடி பாத்ரூம் வீட்டில் நின்ற பெயின்டர் உடம்பு விசாரிக்க வந்திருந்தார். தம்பி நுழைந்ததும் அண்ணன் கையைத் தூக்கி, வளைந்த விரலால் காட்டினார். திறக்காத வாயிலிருந்து பேச்சு மெல்ல, நசுங்கி வந்தது.

"இதோ வந்துட்டான் பாரு, எனக்கு உயிர் கொடுத்தவன். வெளியூர்ல பெரிய வேலை இவனுக்கு. எனக்காக அதைப் பாதியில போட்டுட்டு ஓடிவந்தான். இவனைப் போய் வாட்டம் வைக்கத் தெரியாதவன்னு அன்னைக்கு உன் முன்னாடிதானே சொன்னேன்? பொய்யி. பூராவும் பொய்யி. தப்பு என்னோடது."

"அதெல்லாம் எப்பவோ நடந்தது, விடுங்க" என்றார் பெயின்டர்.

தம்பிக்கு ஒரு வார்த்தை மட்டும் காதில் சிக்கிக்கொண்டது. வெளியூர் வேலையா? நான் எங்கே வெளியூர் போனேன்? நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். அவள் சொட்டுமருந்துப் புட்டியை மூடிவிட்டு உள்ளே போனாள். பின்னாலேயே போனார்.

சமையலறையில் அவள் அடுப்பருகே நின்றிருந்தாள். அண்ணனுக்காக வேகவைத்த காய்கறியைக் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தாள். விழுங்குகிற அளவுக்குக் கூழாக வேண்டும்.

"அண்ணி, வெளியூர்னு அண்ணன் சொல்றாரே?"

"நான்தான் சொன்னேன்" என்றாள், திரும்பாமலே. "தம்பி ஏன் இன்னும் வரலன்னு தினமும் கேட்டார். வெளியூர்ல வேலை, முடிச்சதும் வந்துடுவார்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? உங்க தம்பி அணுவுக்கு விலை கேக்குறார்னு சொல்றதா? நாளைக்கு மனசு மாறிடுவீங்க, நாளைக்கு மனசு மாறிடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"அப்ப நான் கேட்டது..."

"அவருக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"அப்ப அன்னைக்கு போன்ல சொன்னாரே?"

"அவரா சொன்னது. செத்துட்டா சொல்லாமலே போயிடுவேனேன்னு பயம். யாரும் கேக்கல, யாரும் சொல்லச் சொல்லல. அவரா போனை எடுத்துக் கொடுன்னு கேட்டார்."

தம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் வாயில் வந்ததைக் கேளுங்கள். இந்த நிலைமையிலும் மனுஷனுக்கு வாய் அடங்கவில்லை: "நீங்க முதல்லயே அவர்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாரே அண்ணி!"

அண்ணி இப்போதுதான் திரும்பினாள். "ஆமா. சொல்லியிருப்பார். கேட்ட உடனே சொல்லியிருப்பார். அதை நினைச்சுத்தான் எனக்குத் தூக்கமே வர்றதில்ல. உங்களுக்கு வருதா?"

தம்பி முன்னறைப் பக்கம் திரும்பினார். "நான் போய் அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். காலைப் பிடிச்சுக்கறேன்" என்றார்.

"சொல்லக் கூடாது." அவள் குரல் உயரவில்லை. "அவருக்குக் கை போச்சு, வாய் போச்சு, தொழில் போச்சு. தம்பி ஓடிவந்தான்னு ஒரு பெருமைதான் மிச்சம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் மனுஷன் ஒவ்வொரு நாளையும் ஓட்டறார். உங்க மனசு லேசாகணும்னு அதையும் பிடுங்கிட்டுப் போயிடாதீங்க."

"அப்ப நான் என்ன பண்ணட்டும் அண்ணி?"

"தினமும் வாங்க. வேலை முடிஞ்சதும் நேரா இங்க வாங்க. அவர் பக்கத்துல உக்காந்து அவர் சொல்றதைக் கேளுங்க. அண்ணன் வாயால கேக்கணும்னுதானே ஆசைப்பட்டீங்க? கேளுங்க." கூழை ஒரு கிண்ணத்தில் வழித்து, மேலே ஒரு டீஸ்பூனை வைத்து அவர் கையில் கொடுத்தாள். "இதையும் ஊட்டிவிட்டுட்டுப் போங்க."

கிண்ணத்தோடு முன்னறைக்கு வந்தார். பெயின்டர் போய், பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். குடி வந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதர், பழைய கதை எதுவும் தெரியாதவர். அண்ணன் முகத்தில், அந்த இறுகிய தோலுக்குள், ஒரு சிரிப்பு நகர்ந்தது.

"சார், உங்களுக்குத் தெரியாதுல்ல? இவன்தான் என் தம்பி. ஒரு மாடி பாத்ரூம் வேலை. தப்பு பூரா என்னுது, பழியை இவன்மேல போட்டேன். அதை மனசுலயே வெச்சுக்காம, கூப்பிட்டதும் வந்து நின்னான் சார்." பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "நான் சொல்றது சரிதானேடா? நீயே சொல்லு."

தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்பூன் கூழை எடுத்து அண்ணன் வாயருகே கொண்டுபோனார்.

"சரிதாண்ணா" என்றார்.